எல்லாருக்காகவும் என்று எழுதிய மகனுக்கு

தம்பி, உன் ஆய்வுக்கட்டுரை தபாலில் வந்து பன்னிரண்டு நாளாகிறது. காலிகோ துணி அட்டை போட்டு, தட்டச்சு செய்து, அம்மா எழுத்துப்பிழை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு முதலில் வேதம் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே என்று பென்சிலில் ஒரு குறிப்பும் வைத்திருந்தாய். கிறிஸ்து யாருக்காக மரித்தார், தெரிந்துகொள்ளப்பட்ட சிலருக்காகவா, உலகத்தார் எல்லாருக்காகவுமா என்பது கேள்வி. சிலருக்காகத்தான் என்ற வெள்ளைக்காரர்களை ஒரு பக்கம் நிறுத்தி, எல்லாருக்காகவும் என்ற வெள்ளைக்காரர்களை மறுபக்கம் நிறுத்தி, நூற்றுப்பத்துப் பக்கம் சண்டை போடவிட்டு, கடைசியில் எல்லாருக்காகவும் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறாய். எழுத்துப்பிழை ஒன்பது இருந்தது, திருத்திவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோது பாதியிலேயே மூடிவைத்துவிட்டேன். உன் எழுத்தின்மேல் கோபப்பட்டு அல்ல. அதே தீர்ப்பை உனக்கு முன்னால் நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதிய கையால் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம். அதற்குப் பிந்தின முதல் ஞாயிறு, நம் சொந்தச் சபையில் நீ உன் முதல் திருவிருந்தை நடத்தப்போகிறாய். முந்தின நாள் சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனையும் உன்னுடையதுதான். பெரியப்பா இப்போதே முதல் பெஞ்சுக்குப் புது விரிப்பு தைக்கக் கொடுத்துவிட்டார். மதியம் சாப்பாட்டுக்குக் கோரிப்பாளையத்துப் பாயிடம் பிரியாணிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. உன் அப்பா இருந்திருந்தால் எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எல்லாரும் என்னிடம் சொல்கிறார்கள். நான் அந்த முதல் பெஞ்சில் உட்காரமாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். நீ படித்து மடித்து வைத்துவிட முடியாதபடி இதன் ஒரு பிரதியைச் சபைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அவர்கள் போட்டாலும் போடட்டும், கிழித்தாலும் கிழிக்கட்டும்.

சபையில் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள் வந்த கதையை உனக்கு ஒழுங்காக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். முன்பெல்லாம் திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே வெள்ளிப் பாத்திரம். பீடத்துக் கிராதிக்கு முன்னால் இருபது பேர் முழங்காலிடுவார்கள், போதகர் ஒருவர் உதட்டிலிருந்து அடுத்தவர் உதட்டுக்கு அதைக் கொண்டுபோவார். அப்போது சபையில் நம் ஆட்கள் மட்டும்தான், வாத்தியார், குமாஸ்தா, நர்ஸ், எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். உன் பெரியப்பா இரண்டு வருடம் நெஞ்சுச்சளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அது என்ன நோய் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் குடித்த இடத்தில்தான் நாங்களும் குடித்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு மழை பொய்த்த வருடம் திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து கூலி வேலை தேடி ஒரு முப்பது குடும்பம் வந்து சபைக்குப் பின்னால் இருக்கும் காலனியில் குடியேறியது. ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்கள் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாதம் சபைக் கமிட்டியில் சுகாதாரம் என்ற பேச்சு வந்தது.

பேச்சைக் கொண்டுவந்தவள் நான். மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர், பெண்கள் சங்கத்துச் செயலாளர். என்னைவிடப் பொருத்தமான வாய் கமிட்டிக்குக் கிடைக்காது. எச்சிலில் என்னென்ன கிருமி இருக்கிறது, ஒரு பாத்திரத்தால் எப்படிக் காசநோய் பரவும் என்று பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். உன் பெரியப்பா மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, இருமிக்கொண்டே, ரொம்பச் சரி என்றார். மெட்ராஸிலிருந்து வட்டமான மரத்தட்டும் நாற்பது கிளாசும் வந்தன. ஒரு கிராதி வரிசைக்கு இருபது பேர் என்றால் முதல் இரண்டு வரிசைக்குச் சரியாக இருந்தது. முதல் இரண்டு வரிசையில் யார் வருவார்கள் என்று உனக்கே தெரியும். மீதிப் பேருக்கு, அதாவது பாயில் இருந்தவர்களுக்கு, கூடுதல் கிளாஸ் வரும்வரை பழைய பாத்திரமே என்று தீர்மானம். கூடுதல் கிளாசுக்குக் கடிதம் எழுதவேண்டிய பொறுப்பு எனக்கு. நான் அந்தக் கடிதத்தை எழுதவே இல்லை. எழுதினாயா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. தம்பி, இனிமேல் நீ பல கமிட்டிகளுக்குத் தலைவனாக உட்காரப்போகிறாய். சுகாதாரம், ஒழுங்கு, வசதி என்று யாராவது ஆரம்பித்தால், யாருடைய வாயைப் பார்த்து அவர்களுக்கு அருவருப்பு வந்தது என்று முதலில் கேள்.

அந்த வருடம், முதல் தடவை திருவிருந்து எடுக்கப்போகிறவர்களுக்கான திடப்படுத்தல் வகுப்பை நான்தான் எடுத்தேன். காலனியிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் எஸ்தர் உனக்குத் தெரிந்தவள், நம் பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். வேலை முடிந்து, கையைக் கழுவி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுவாள். மனப்பாடத்தில் என் பள்ளிப் பிள்ளைகள் அவளிடம் பிச்சை வாங்கவேண்டும். அவர் யாருக்காக மரித்தார் என்ற பாடம் வந்த அன்று, எல்லாருக்காகவும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டேன். எஸ்தர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “எல்லாருக்காகவும்னா, நம்ம கேக்குறதுக்கு முந்தியே செத்துட்டாருல்ல டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப நம்ம போயி வாங்கிக்கிட வேண்டியதுதான். யாரும் குடுக்கத் தேவையில்ல.” நல்ல பதில் என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்காட்டினேன். திருவிருந்தின் முறைகளையும் சொல்லிக்கொடுத்தேன். புதிதாகத் திடப்படுத்தப்பட்டவர்கள் முதல் தடவை எல்லாருக்கும் முன்னதாக, முதல் வரிசையில் முழங்காலிடவேண்டும் என்பது நம் சபையின் பழைய வழக்கம். அதையும் சொன்னேன். சொல்லும்போது கிளாஸ் ஏற்பாடு என் புத்தியில் இல்லை.

சனிக்கிழமை இரவு தட்டை அடுக்கும்போதுதான் உறைத்தது. ஞாயிறு காலை ஓடிப்போய், இடம் பத்தாது, நீங்கள் ஐந்து பேரும் கடைசி வரிசையில் வாருங்கள் என்றேன். நாலு பேர் தலையாட்டினார்கள். எஸ்தர், “நீங்கதான முதல்லன்னு சொன்னீங்க டீச்சர்” என்றாள். இந்தத் தடவை மட்டும் என்றேன். அவள் பாயில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்து நேராக வந்து முதல் வரிசையில், உன் பெரியப்பாவுக்கு இடப்பக்கம் முழங்காலிட்டாள். அப்பம் கொடுத்தாயிற்று, அது பிரச்சினையில்லை. போதகர் கிளாஸ் தட்டோடு அவள் முன்னால் வந்து நின்று, முதல் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை. நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று, ஈ விரட்டுகிற அளவுக்கு, அம்புட்டுதான். அவர் தட்டை அவள் கைக்கு எட்டாமல் கொஞ்சம் உயர்த்திப் பெரியப்பாவின் பக்கம் கொண்டுபோனார்.

எஸ்தர் அதைப் பார்த்துவிட்டாள். தட்டு உயர்ந்ததையும் பார்த்தாள், என் தலை அசைந்ததையும் பார்த்தாள். கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு கிளாசை எடுத்து, குடித்து, கிராதியின்மேல் மெதுவாக வைத்துவிட்டு ஆமென் என்றாள். உன் பெரியப்பா எழுந்துவிட்டார். முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே, சபை முழுக்கக் கேட்க, “இவ பக்கத்துல முட்டிபோட்டுத்தான் மோட்சம் போகணும்னா நான் வீட்லயே இருந்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் பதினோரு பேர் போனார்கள். ஆராதனை முடிந்து நான் கிளாஸ்களைக் கழுவினேன். நாற்பதையும் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் கழுவினேன். அவள் குடித்ததைத் தனியாக எடுத்துக் குப்பைக் குழியில் போட்டேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கிருமி பற்றிப் பாடம் நடத்தியவளுக்கு வெந்நீர் போதும் என்று தெரியாதா?

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. போதகர் நல்ல மனிதர், இப்போது இல்லை, அவரைக் கடுமையாகச் சொல்ல எனக்கு உரிமையுமில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் உவமை சொல்லும்போது பயமாக இருக்கிறது. மழை எல்லாருக்கும்தான் பெய்கிறது, ஒழுங்காகக் குடத்தை வைத்துக் காத்திருப்பவனுக்குத்தான் தண்ணீர் என்றார். பாவநிவாரணம் எல்லாருக்கும், இரட்சிப்பு கீழ்ப்படிகிறவர்களுக்கு. எனக்கு அந்த உவமை அப்போது பிடித்திருந்தது, குறிப்பேட்டில்கூட எழுதிவைத்தேன். குடத்தோடு வந்தவளின் கையைத் தட்டிவிட்டவள் அங்கேயே உட்கார்ந்து அதை அழகான எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். திருவிருந்தின் ஒழுங்கைக் குலைத்ததற்காக எஸ்தரை அதிலிருந்து விலக்கிவைப்பது, ஆயத்த ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்று குற்றத்தை அறிக்கையிட்டால் சேர்த்துக்கொள்வது என்று முடிவு. அவள் படிக்கவேண்டிய அறிக்கையையும் நானே எழுதினேன். தாழ்மையுடன், மனங்கசந்து என்ற வார்த்தைகள் எல்லாம் என்னுடையவை. என் தலையசைப்பு அதில் இல்லை.

அந்தக் காகிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலனியில் குழாயடியில் நாலைந்து பெண்களோடு நின்றாள். எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். படித்துவிட்டு அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். “ஊர்ல டீக்கடையில நமக்குத் தனிக் கிளாசுன்னுதான இங்க வந்தோம். இங்க கிளாசே கெடயாதாம்டி.” அவர்களும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, “அவரு எனக்காகச் செத்துட்டாருன்னு நீங்கதான எழுதிப்போட்டீங்க. செத்தது செத்ததுதான டீச்சர்? பெறகு என்னத்துக்குக் கமிட்டிகிட்ட கேக்கணும்?” என்றாள். எனக்கு மூக்கின்மேல் கோபம்தான் இருந்தது. திமிர் பிடித்தவள் என்று கமிட்டியில் வந்து சொன்னேன்.

இது எமர்ஜென்சிக்கு முந்தின வருடம், நீ அப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பதினோரு வருடமாக எஸ்தர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கோயிலுக்கு வருகிறாள். முதல் ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்து பீடத்தின் வெள்ளைத் துணியை எடுக்கும்போது எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். கடைசிப் பாட்டுக்கு உள்ளே வருகிறாள். சபையை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். போகவில்லை. நாங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்த படியைத் தாண்டித்தான் இறங்கி வருகிறோம். நீ திடப்படுத்தலுக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் என்னைக் கேட்டாய், எஸ்தரக்கா ஏன் வெளியே போகிறார்கள் என்று. அவளுக்குத் திராட்சரசம் ஒத்துக்கொள்ளாது என்றேன். நீ சரி என்று போய்விட்டாய். மறுபடி கேட்கவில்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பயிற்சி ஊழியம் செய்தபோது அங்கே எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறார்கள் என்று ஆச்சரியமாக எழுதினாயே, அப்போதும் கேட்கவில்லை. பொய் சொன்னது நான்தான், ஆனால் உன்னையும் நான் விடப்போவதில்லை. இருபத்தாறு வயதில் ஐந்து மொழி ஆதாரம் காட்டத் தெரிந்தவனுக்கு நம் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு மொழி போதாதா?

உன் கட்டுரைக்கு வருகிறேன். சிலருக்காக மட்டும்தான் மரித்தார் என்கிறவர்களை நீ கொடுமைக்காரர்கள் என்கிறாய். எனக்கு அவர்களிடம் அவ்வளவு வெறுப்பு வரவில்லை. அவர்கள் கடவுள்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அது ஒரு வகை நேர்மை. நம்மைப் பார். எல்லாருக்காகவும் என்று சொல்லுவதற்கு நமக்கு ஒரு செலவும் இல்லை. பீடத்தில் சொல்லுவோம், பலகையில் எழுதுவோம், கட்டுரை எழுதிப் பட்டம் வாங்குவோம். பிறகு கீழே இறங்கி யார் எந்த வரிசை என்று பார்ப்போம். அவர் அளந்து கொடுக்கவில்லை என்று நிரூபித்துவிட்டு அளவுபடியை நம் கையில் எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்றும் கேள். அவர் எல்லாருக்காகவும் மரித்தார் என்றால் எனக்காகவும் மரித்தார். தலையை அசைத்தவளுக்காகவும், கிளாசைக் குழியில் போட்டவளுக்காகவும். இந்தப் பன்னிரண்டு நாளும் என்னை விடாமல் பிடித்திருப்பது அதுதான். எஸ்தருக்கும் எனக்கும் ஒரே இரத்தம் என்றால் அது எனக்கு லாபம், அவளுக்கு என்ன? இவளையுமா சேர்த்தீர் என்று அவள் அவரைக் கேட்டால் நியாயம்தானே. உன் நூற்றுப்பத்துப் பக்கத்தில் இதற்கு ஒரு பாராகூட இல்லை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றபின் என் முழங்கால் மடங்கவில்லை, அந்தச் சந்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. உட்காருங்க டீச்சர் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், குப்பைக்குழி உட்பட. தலையை அசைத்தது தெரியும் என்றாள். குழி தெரியாது. அதைச் சொன்னபோது மட்டும் களைந்த தண்ணீரிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். என்னை மன்னிச்சிரு எஸ்தர் என்றேன். அவள் தண்ணீரைச் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: “என்னைய நிக்கச் சொன்னது இந்த வீட்லயா டீச்சர்?”

எனக்குப் புரிந்தது. புரியாதவள்போல, நடந்தது நடந்துவிட்டது, நாம் இரண்டு பேரும் ஜெபம்பண்ணிக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். பழக்கம் விடுமா? அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “இங்க வச்சு மன்னிச்சுட்டா உங்களுக்கு லேசாப் போயிரும். நான் பழயபடி படியிலதான உக்காருவேன்?” பிறகு உன்னைப் பற்றிக் கேட்டாள். தம்பி பாதிரி ஐயரா வருதாமே என்றாள். எதையாவது சொல்லவேண்டுமே என்று, பரலோகத்தில் நாம் எல்லாரும் ஒன்றாக இருப்போம் என்று சொல்லிவைத்தேன். அவள் சிரித்தாள், குழாயடியில் சிரித்த அதே சிரிப்பு. “அங்கயும் உங்களைப் பாத்தா நான் எந்திரிச்சு நிக்கணுமா டீச்சர்?” கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “யோசிச்சுச் செய்யிங்க. பிள்ளைக்கு நல்ல நாளு. கெடுத்துட்டேன்னு பெறகு என்னையச் சொல்லக்கூடாது.”

நான் கெடுக்கப்போகிறேன், தம்பி. அவள் சொல்லியல்ல, நானே. சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில், விலக்கப்பட்டவர்கள் நிற்கவேண்டிய இடத்தில், பிரசங்கபீடத்துக்குக் கீழே, நான் வந்து நிற்பேன். எஸ்தருக்கு எழுதிய அறிக்கையின் பிரதி பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதி, செய்ததைச் செய்தபடி எழுதிவிட்டேன். தாழ்மையுடன், மனங்கசந்து என்பதையெல்லாம் அடித்துவிட்டேன். அதெல்லாம் உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. எஸ்தரின் பெயரை விலக்கப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும், குற்றம் அவளுடையது இல்லை என்று சபைக்கு முன்னால் சொல்லவேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் படிக்கட்டில் இருக்கும்போது நீ உள்ளே பாத்திரத்தை ஆசீர்வதித்தால், உன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செய்.

உன்னிடம் கேட்பது கொஞ்சம்தான். நான் நிற்கும்போது இறங்கி வந்து என் கையைப் பிடிக்காதே. அம்மா என்று கூப்பிடாதே. மற்றவர்களைக் கூப்பிடுவதுபோல முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடு. வழக்கமான கேள்விகளைக் கேள், இவள் செய்தது குற்றமா, இவளைச் சேர்த்துக்கொள்ளச் சபைக்குச் சம்மதமா என்று. குரல் தழுதழுத்தால் தண்ணீர் குடித்துவிட்டுக் கேள். உன் பெரியப்பா எழுந்து வெளியே போவார், இந்தத் தடவை பதினோரு பேருக்கு மேல் போகலாம், பிரியாணி மிஞ்சலாம். அவர் உனக்காகவும் மரித்தார் என்று சொல்லி என்னை அவசரமாக மன்னித்துவிடாதே, அது உன் கையில் இல்லை. சபை சம்மதமில்லை என்று சொன்னால் அப்படியே அறிவித்துவிட்டு ஆராதனையை முடி. மறுநாள் நீ பீடத்துத் துணியை எடுக்கும்போது நானும் எழுந்து வெளியே போய்விடுவேன். எஸ்தர் உட்காரும் படியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. அவள் தள்ளி உட்காரச் சொன்னால் தள்ளி உட்காருவேன்.